வைக்கோலை எருவாக்கும் மண் பாக்டீரியாக்கள்

(கட்டுரையாளர்: மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு மாணவர்)

முன்னுரை



நமது பேரவை மலரில் ஆண்டுதோறும் ரோபோ, செயற்கைக்கோள், மின்சாரக் கார் என்று நண்பர்கள் பலரும் எழுதி வருகிறார்கள். இந்த ஆண்டு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரிந்தது வைக்கோல் ஒன்றுதான். ஆகவே வைக்கோலைப் பற்றியும், அதை எருவாக மாற்றும் மண் பாக்டீரியாக்களைப் பற்றியும் எழுதுகிறேன். இதில் புத்தகத்தில் படித்ததும் இருக்கிறது, நானே செய்து கெடுத்ததும் இருக்கிறது. கெடுத்ததைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். நான் கற்றுக்கொண்டது அதில்தான்.

எனது ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். அப்பா குத்தகைக்கு 4 மா சாகுபடி செய்கிறார். டெல்டா கணக்கு தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 3 மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். சொந்த வயலில் வேலை இல்லாத நாட்களில் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் நம்புவார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய சுமை என்பது இந்தக் கட்டுரையின் நடுவில் உங்களுக்குப் புரியும்.

வைக்கோல் எப்படிச் சுமையானது?

கை அறுப்பு இருந்த காலத்தில் வைக்கோல் ஒரு சொத்து. கதிர் அடித்து, போர் போட்டு வைத்தால் வருஷம் முழுக்க மாட்டுக்குத் தீனி. கூரை வேயலாம், விதைநெல் கோட்டை கட்டலாம். இப்போது அறுப்பு மெஷின் வருகிறது. ஒரு மாவை அரை மணிக்குள் அறுத்துவிட்டு, வைக்கோலைத் துண்டும் துணுக்குமாகப் பின்னால் கக்கிவிட்டுப் போகிறது. முழங்கால் அளவுக்குத் தாள் வயலிலேயே நிற்கிறது. மாடுகளும் குறைந்துவிட்டன.

தை, மாசியில் அறுக்கும் சம்பா, தாளடி வைக்கோலுக்குப் பிரச்சினை இல்லை. வெயிலில் காய்ந்திருக்கும். கட்டு கட்டும் மெஷின் வந்து சுருட்டிக்கொண்டு போய்விடும். குறுவை அப்படியல்ல. புரட்டாசி, ஐப்பசியில் மழைக்கு நடுவே அறுவடை. நனைந்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வியாபாரியும் வாங்க மாட்டார். அதற்குள் அடுத்த நடவுக்கு நாற்று தயாராக நிற்கும். குறுவைத் தாள் மேல் நடுவதால்தானே அந்தப் போகத்துக்கே தாளடி என்று பெயர்! ஆக, இரண்டு நாள் வெயில் அடித்தால் உடனே தீக்குச்சி.

பஞ்சாப், அரியானாவிலும் இதே அவசரம்தான். அங்கே நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் இடைவெளி. அக்டோபர், நவம்பரில் அங்கே எரிக்கும் புகை தில்லி வரை போகிறது. 2020ஆம் ஆண்டு தில்லி அரசு, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா டிகம்போசர்' என்ற நுண்ணுயிர்க் கரைசலை வயல்களில் இலவசமாகத் தெளித்தது. அதில் இருப்பவை பூஞ்சைகள்.

எரிப்பதால் என்ன நஷ்டம்? ஒரு கிலோ நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை வைக்கோல் கிடைக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும், 15 முதல் 20 கிலோ வரை சாம்பல்சத்தும் இருக்கிறது. எரித்தால் சாம்பல்சத்து பெரும்பாலும் சாம்பலில் தங்கும், ஆனால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். மண்ணுக்கு வரவேண்டிய கரிமப்பொருளும் போய்விடும். மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் வெந்து சாகும். காசு கொடுத்து யூரியா வாங்கிப் போடுகிறோம், வயலில் விளைந்ததைக் கொளுத்துகிறோம்.

சோறும் வைக்கோலும் ஒரே சர்க்கரை

நண்பர்களே, எனக்கு முதல் ஆண்டில் மிகவும் வியப்பாக இருந்த செய்தி இது. நாம் சாப்பிடும் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும், வைக்கோலில் இருக்கும் செல்லுலோசும் ஒரே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிகள். வித்தியாசம் இணைப்பில்தான். மாவுச்சத்தில் கண்ணிகள் 'ஆல்ஃபா' முறையில் இணைந்திருக்கின்றன. செல்லுலோசில் 'பீட்டா' முறை. ஆல்ஃபா இணைப்பை வெட்டும் நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது. பீட்டா இணைப்பை வெட்டும் நொதி மனிதனிடம் இல்லை.

"அப்ப மாடு மட்டும் எப்படித் திங்குது?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. மாட்டிடமும் அந்த நொதி இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஃபைப்ரோபாக்டர், ருமினோகாக்கஸ் என்று அவற்றுக்குப் பெயர். அவைதான் வைக்கோலைத் தின்கின்றன. அவை வெளியேற்றும் அமிலங்களையும், கடைசியில் அவற்றின் உடலையுமே மாடு உணவாக்கிக்கொள்கிறது. கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்குச் சொல்வதானால், மாடு என்பது 39 டிகிரியில் இயங்கும் நூறு லிட்டருக்கு மேற்பட்ட ஒரு ரியாக்டர். அசை போடுவதுதான் அதன் கிரைண்டர்.

மாட்டின் வயிற்றில் நடப்பதை மாடில்லாமல் மண்ணில் நடத்துவதே நம் நோக்கம்.

வைக்கோல் ஒரு ஆர்.சி.சி. கட்டடம்

சிவில் நண்பர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். வைக்கோலில் சுமார் 35 சதவீதம் செல்லுலோஸ். இது கம்பி. 20 முதல் 25 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ். இது கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பி. 10 முதல் 15 சதவீதம் லிக்னின். இது கம்பியைச் சுற்றி இறுகிய கான்கிரீட். எல்லாவற்றுக்கும் மேலே சிலிக்கா என்ற மேல்பூச்சு. வயலில் இறங்கினால் கால், கையெல்லாம் கீறுவது இந்தச் சிலிக்காவால்தான்.

பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனி உள்ளே இருக்கும் கம்பி. ஆனால் கான்கிரீட்டை உடைத்தால்தான் கம்பி கிடைக்கும். லிக்னினை உடைப்பதில் கைதேர்ந்தவை சில பூஞ்சைகள். பாக்டீரியாக்களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற ஆக்டினோமைசீட் வகைகள் ஓரளவு செய்யும். அதனால் ஒரே ஒரு பாக்டீரியாவை விட்டு முழு வைக்கோலையும் மக்க வைத்துவிடலாம் என்று நினைப்பது தவறு. கட்டடத்தை இடிக்க ஒரு செட் ஆள் வேண்டும்.

மண்ணில் உள்ள வேலையாட்கள்

ஒரு கிராம் வளமான மண்ணில் பல கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றில் செல்லுலோசை வெட்டத் தெரிந்தவை சில இனங்களே. செல்லுலோமோனாஸ், பேசில்லஸ், சைட்டோஃபேகா ஆகியவை காற்றோட்டமான மண்ணில் வேலை செய்பவை. கிளாஸ்டிரிடியம் இனத்தைச் சேர்ந்தவை காற்று இல்லாத சேற்றில் வேலை செய்பவை.

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. அது நொதிகளை வெளியே விட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு மூன்று வகை நொதிகள் கூட்டாக வேலை செய்கின்றன. முதலாவது, நீளச் சங்கிலியை நடுநடுவே வெட்டுகிறது. இரண்டாவது, வெட்டிய துண்டுகளின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றுகிறது. மூன்றாவது, அந்த இரட்டைக் கண்ணியைத் தனித்தனி குளுக்கோசாகப் பிரிக்கிறது. நம் ஃபிட்டிங் ஷாப்பில் ஹேக்ஸா, உளி, அரம் என்று வரிசையாக எடுக்கிறோமே, அது மாதிரி.

கிளாஸ்டிரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எல்லா நொதிகளையும் ஒரே சட்டத்தில் பொருத்தித் தன் உடம்பின் வெளிப்புறத்தில் மாட்டி வைத்திருக்கிறது. லாமெட், பேயர் ஆகிய விஞ்ஞானிகள் 1983இல் இதைக் கண்டு 'செல்லுலோசோம்' என்று பெயரிட்டார்கள்.

குவியலாகப் போட்டு மக்க வைக்கும்போது ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. முதல் ஷிப்டு, சாதாரண வெப்பத்தில் வாழ்பவை. எளிதில் கரையும் சர்க்கரையைத் தின்று வேகமாகப் பெருகும்போது குவியல் சூடாகிறது. 45 டிகிரியைத் தாண்டியதும் அவை ஒதுங்க, வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் இரண்டாம் ஷிப்டுக்கு வருகின்றன. 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் சாவது இப்போதுதான். பிறகு குவியல் ஆறும்போது பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்களும் மூன்றாம் ஷிப்டு பார்க்கின்றன. கோடை மழை பெய்ததும் எழும் மண்வாசனை இருக்கிறதே, அதற்குக் காரணமான 'ஜியோஸ்மின்' என்ற பொருளைச் செய்பவை இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ்கள்தான். குவியலில் அந்த வாசனை வந்தால் எரு தயார் என்று பொருள்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியுடன் சேர்ந்து, பண்ணைக் கழிவை மக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று உலகமெங்கும் 'இந்தூர் முறை' என்று அழைக்கப்படுவது அதுவே. நமது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 'பயோமினரலைசர்' என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறது. ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ போதும்.

நான் செய்த தவறு

இவ்வளவும் படித்தவன் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, குறுவை அறுப்பு முடிந்த சமயம். அப்பா தீக்குச்சியோடு வயலுக்குக் கிளம்பினார். "எரிக்க வேணாம்ப்பா. பாக்டீரியா விட்டா அதுவே மக்கிடும், உரமும் மிச்சம்" என்று தடுத்தேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி தம்பி, ஒரு மாவை ஒனக்கு வுடுறேன். செஞ்சு பாரு" என்றார். மற்ற 3 மாவையும் எரித்தார்.

நுண்ணுயிர்க் கரைசல் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் வெல்லமும் கலந்து, ஒரு வாரம் கலக்கி வளர்த்தேன். வைக்கோல் மேல் தெளித்தேன். டிராக்டர் வைத்து மடக்கி உழுதாச்சு. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. ஆகவே நாலாம் நாளே தண்ணீர் கட்டி நடவு போட்டுவிட்டோம்.

பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் என் மா மட்டும் மஞ்சள் பாய்ந்து நிற்கிறது. சுற்றிலும் எரித்த வயல்களெல்லாம் பச்சை. வயலில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வருகிறது, அழுகிய முட்டை நாற்றம். பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்திருந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர், "படிச்ச புள்ள பாக்டீரியா விட்டிச்சு, பயிருக்கு மஞ்சக்காமாலை வந்துடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீரை வடித்து, கடனாக யூரியா வாங்கிப் போட்டார். பயிர் தேறியது. ஆனால் தூர் கட்ட வேண்டிய நாட்கள் போய்விட்டன. அறுவடையில் மற்ற மாக்களில் 11 மூட்டை கண்டது, என் மாவில் 8 மூட்டை. அந்த 3 மூட்டை என்பது எனது ஒரு செமஸ்டர் பஸ் செலவும் பரீட்சைக் கட்டணமும். அம்மா கூடுதலாக எத்தனை நாள் நடவுக்குப் போனார் என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை.

கணக்கு எங்கே தப்பியது?

எங்கள் துறை சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மெட்டீரியல் பேலன்ஸ் போட்டியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். உள்ளே போவது = வெளியே வருவது + உள்ளே தங்குவது. மார்க்குக்காக எத்தனையோ தடவை போட்ட கணக்கு! வயலுக்குப் போடத் தோன்றவில்லை. அன்று கரும்பலகையில் நாங்கள் போட்ட கணக்கைக் கீழே தருகிறேன்.

பாக்டீரியா 30 பங்கு கார்பன் தின்றால், ஏறக்குறைய 20 பங்கை மூச்சாக, அதாவது கரியமில வாயுவாக வெளியே விடும். மீதி 10 பங்கை உடம்பில் சேர்க்கும். அந்த 10 பங்கு கார்பனோடு 1 பங்கு நைட்ரஜன் சேர்ந்தால்தான் உடம்பு உருவாகும். ஆகவே பாக்டீரியாவின் தீனியில் கார்பனும் நைட்ரஜனும் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

இப்போது வைக்கோலைப் பார்ப்போம்.

ஒரு டன் வைக்கோலில் கார்பன் 40 சதவீதம்: 400 கிலோ.
நைட்ரஜன் 0.6 சதவீதம்: 6 கிலோ.
விகிதம்: 400 ÷ 6 = சுமார் 67க்கு 1.
30க்கு 1 ஆக வேண்டுமானால் தேவைப்படும் நைட்ரஜன்: 400 ÷ 30 = 13.3 கிலோ.
பற்றாக்குறை: 7.3 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக, சுமார் 16 கிலோ யூரியாவுக்குச் சமம்.

இந்தப் பற்றாக்குறையைப் பாக்டீரியா எங்கிருந்து எடுக்கும்? மண்ணிலிருந்துதான் எடுக்கும். பயிருக்கென்று மண்ணில் இருந்த தழைச்சத்தை, பயிரின் வேர் எட்டுவதற்கு முன்பே அது உறிஞ்சிக்கொண்டது. அதனால்தான் மஞ்சள். பாக்டீரியாக்கள் வேலை முடிந்து மடிந்த பிறகு அந்தச் சத்து மண்ணுக்கே திரும்பி வரும். ஆனால் இளம்பயிர் அதுவரை காத்திருக்காது.

இது முதல் தவறு. இரண்டாவது தவறு, மக்குவதற்குள் தண்ணீர் கட்டியது. தண்ணீர் தேங்கியதும் சேற்றில் காற்று தீர்ந்துபோனது. காற்றில் வேலை செய்பவை அடங்கி, காற்றில்லாமல் வேலை செய்பவை கிளம்பின. அவை அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களையும், மீத்தேனையும், ஹைட்ரஜன் சல்ஃபைடையும் வெளியிட்டன. அந்தக் குமிழும் நாற்றமும் அதுதான். வேர் கறுத்ததும் அதனால்தான். கரைசல் மேல் குற்றம் இல்லை. நான் கொடுத்த சூழ்நிலைதான் குற்றம்.

அன்று இரவு இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். விகிதம், சதவீதம் எல்லாம் விட்டுவிட்டு, "கோடிக்கணக்கான ஆளை வேலைக்கு விட்டேன்ப்பா, அதுக்குத் தேவையான தழைச்சத்தைக் குடுக்கல" என்றேன். அப்பா உடனே புரிந்துகொண்டார். "சோறு போடாம ஆள வேலைக்கு விட்டா, அவன் கண்ணுல பட்டத எடுத்துத்தான் திம்பான். பயிரோட பங்கைத் தின்னுருக்கான்" என்றார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது முயற்சி

மாசியில் தாளடி அறுத்ததும் மறுபடி கேட்டேன். "வயல்ல கை வைக்காதே. கொல்லையில செஞ்சுக்க" என்று 300 கிலோ வைக்கோல் கொடுத்தார். இந்தத் தடவை முதலில் நோட்டில் கணக்கு, அப்புறம்தான் கையில் மண்வெட்டி.

சேர்த்த பொருட்கள்: வைக்கோல் 300 கிலோ, ஆட்டுப் புழுக்கை 50 கிலோ, கிளைரிசிடியா தழை 60 கிலோ, பசுஞ்சாணி 30 கிலோ, யூரியா 2 கிலோ. எல்லாம் கூட்டிப் பார்த்தால் விகிதம் சுமார் 36க்கு 1. முப்பதைத் தொடவில்லை, பரவாயில்லை. பாட்டில் எதுவும் வாங்கவில்லை. பழைய எருக்குழியின் அடிமண் இரண்டு கூடை எடுத்துச் சாணியோடு கரைத்துத் தெளித்தேன். வருஷக்கணக்கில் வைக்கோலையும் சாணியையும் தின்று பழகிய பாக்டீரியாக்கள் அந்த மண்ணில் இருக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். பசுஞ்சாணியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதனால் வைக்கோலின் தழைச்சத்துப் பற்றாக்குறையை அது பெரிதாகத் தீர்க்காது. சாணி ஆட்களைக் கொண்டுவருகிறது, சோறு கொண்டுவருவதில்லை. சோற்றுக்குப் புழுக்கை, தழை, கொஞ்சம் யூரியா வேண்டும்.

வைக்கோல் தண்ணீரை உடனே குடிக்காது, வழுக்கி ஓடிவிடும். அதனால் 400 லிட்டர் தண்ணீரை இரண்டு நாளாகத் தெளித்து ஊற வைத்தேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காகக் குவித்தேன். இதைவிடச் சிறிதாக இருந்தால் சூடு நிற்காது. மேலே தென்னங்கீற்று மூடினேன். நடுவில் காற்றுக்காக ஒரு மூங்கிலைச் செருகி, பிறகு உருவிவிட்டேன்.

லேப் அண்ணனிடம் ஒரு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி, குச்சியில் கட்டி, தினமும் காலை பஸ்ஸுக்குப் போவதற்கு முன் குவியலுக்குள் விட்டுப் பார்த்தேன். முதல் நாள் 34 டிகிரி. மூன்றாம் நாள் 52. ஐந்தாம் நாள் 61! அன்று கல்லூரிக்கு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்குப் பரீட்சை நடந்த நாட்களில் அம்மா பார்த்துக்கொண்டார். அவர் தெர்மாமீட்டரைத் தொடவில்லை. ஓர் இரும்புக் கம்பியைக் குவியலில் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவிப் பிடித்துப் பார்ப்பார். "கை பொறுக்கல" என்றால் 50க்கு மேல், "வெதுவெதுன்னு இருக்கு" என்றால் இறங்கிவிட்டது. கருவி இல்லாத விவசாயிக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் சூடு 45க்கு இறங்கியது. பன்னிரண்டாம் நாள் கிளறி, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். மறுபடி 54 வரை ஏறியது. காற்று கிடைத்ததும் வேலை சூடுபிடிக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. மொத்தம் நான்கு தடவை கிளறினேன். கிளறும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சைத் தூள் மூச்சில் போகும். எழுபத்தைந்தாம் நாள் நாலடிக் குவியல் ஒன்றரை அடிக்கு வந்திருந்தது. நிறம் காப்பிப்பொடி மாதிரி, வாசனை மழை பெய்த மண் மாதிரி. எடை ஈரத்தோடு சுமார் 260 கிலோ. அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, அதை அந்த மஞ்சள் பாய்ந்த மாவில் போடச் சொன்னார்.

வயலிலேயே மக்க வைக்க

குவியல் போட எல்லோருக்கும் இடமும் ஆளும் கிடையாது. வயலிலேயே செய்ய வேண்டுமானால் என் தவறிலிருந்து கிடைத்த நான்கு விதிகள்:

1. வைக்கோல் குவிந்து கிடக்காமல் பரப்பிவிட வேண்டும். துண்டு சிறிதாகச் சிறிதாகப் பாக்டீரியா ஒட்டும் பரப்பு கூடும்.

2. மடக்கி உழுவதற்கு முன் கொஞ்சம் தழைச்சத்து போட வேண்டும். கூடுதல் செலவு வேண்டாம். அடியுரமாகப் போடுவதில் ஒரு பகுதியை முன்னால் போட்டால் போதும்.

3. மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மீத்தேனும் இதனால் குறையும்.

4. நடவுக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும். அதற்கேற்ப நாற்றங்காலைத் தள்ளி விட வேண்டும். அவசரமெல்லாம் நாற்றங்காலில்தான் ஆரம்பமாகிறது.

இந்த ஆண்டு குறுவை அறுப்பு முடிந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவே ஒரு மாவை எரிக்காமல் விட்டு, "அதுக்கு நாத்து பின்னாடி வுட்டுக்கலாம்" என்றார். சாணிக்கரைசலும் 4 கிலோ யூரியாவும் போட்டு உழுதோம். மழைத் தண்ணீர் நிற்காமல் வரப்பை வெட்டி வடித்தோம். 18 நாள் கழித்து நடவு. பதினைந்தாம் நாள் பயிர் பச்சையாகவே இருந்தது. அறுவடையில் அந்த மாவில் 11 மூட்டை, எரித்த மாக்களிலும் 11 மூட்டை. அதிகம் வரவில்லை, குறையவும் இல்லை. ஒரு மாவில் ஒரு போகம் பார்த்ததை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது. எரிக்காமலும் நஷ்டப்படாமல் இருக்கலாம் என்பதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்த உண்மை. மண்ணில் சேரும் கரிமப்பொருளின் பலன் பல வருஷம் செய்தால்தான் தெரியும்.

முடிவுரை

நண்பர்களே, பாக்டீரியா ஒரு மந்திர மருந்து அல்ல, அது ஓர் உயிர். அதற்குத் தீனி வேண்டும், காற்று வேண்டும், ஈரம் வேண்டும், நாள் வேண்டும். இவற்றைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும். கொடுக்காவிட்டால் பயிரின் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இதில் எல்லாப் பிரிவினருக்கும் வேலை இருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வைக்கோல் வெட்டும் கருவியும், குவியலைக் கிளறும் கருவியும் செய்யலாம். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் குவியலின் சூட்டைக் காட்டும் மலிவான சென்சார் செய்யலாம். சிவில் நண்பர்கள் காற்றோட்டமான எருத்தொட்டி வடிவமைக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிற நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். வைக்கோல் இருக்கிறது, எருக்குழியின் அடிமண் இருக்கிறது. அம்மாவின் இரும்புக் கம்பியும் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் சொன்னால் நம் வீட்டார் நம்புவார்கள். ஆகவே சொல்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுங்கள். நான் போடாமல் சொன்னேன். விலை 3 மூட்டை நெல்.